டேங்க்தான் செயினில் ஓடுமே, அதை ஏன் டிரெய்லரில் ஏற்றுகிறார்கள்? மேலூர் குவாரி லோ-பெட் போதாதா?

கேட்டவர் கப்பலூர் நான்குவழிச் சாலையில் ஹிட்டாச்சி ஏற்றிப்போகும் லோ-பெட்டை (தளம் தாழ்ந்த டிரெய்லர்) வைத்துக் கேட்டிருக்கிறார். நம் ராணுவத்தின் டி-72 டேங்க்கையே கணக்குக்கு எடுத்துக்கொள்வோம். எடை சுமார் 41 டன்.

ஓட்டிப் போகலாம்தான். 1,200 லிட்டர் டீசலுக்கு 460 கி.மீ. போகும், அதாவது கிலோமீட்டருக்கு இரண்டரை லிட்டருக்கும் மேல். அதைவிடப் பெரிய செலவு செயின் கண்ணிகளைக் கோக்கும் பின்களும், எஞ்சினும் தேய்வது. சண்டைக்கு வைத்திருக்கும் ஆயுளைத் தார்ச்சாலையில் கரைத்துவிடக் கூடாது. அதனால்தான் நெடுந்தூரத்துக்கு ரயில், ஸ்டேஷனிலிருந்து அப்பால் டிரெய்லர். ரயிலிலும் லேசில்லை. அகலம் 3.59 மீட்டர் என்பதால் ஓடிசி (வழக்கமான அளவை மீறிய) சரக்காகத்தான் போகும்.

எடையால் சாலை நொறுங்கும் என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. செயின் தரையை அழுத்துவது சதுர செ.மீ.க்கு 0.83 கிலோதான். லாரி டயரில் அடிக்கும் 110 பிஎஸ்ஐ காற்று 7.7 கிலோவுக்குச் சமம். சாலை கெடுவது திரும்பும்போது. ஒரு பக்கச் செயின் மெதுவாகி, மறுபக்கம் வேகமாகச் சுற்ற, இரும்புப் பட்டை தாரைச் சுரண்டி எடுத்துவிடும். சித்திரை வெயிலில் தார் இளகியிருந்தால் கேட்கவே வேண்டாம்.

இனி லோ-பெட். மூன்று ஆக்சில் சேர்ந்த தொகுதிக்கு 2018 விதிப்படி 27 டன்தான் வரம்பு. டேங்க் எடையில் மூன்றில் இரண்டு பங்கு பின்னால் விழுந்தாலே 27 டன் ஆகிவிடும், டிரெய்லரின் சொந்த எடை அதற்கு மேல். தளம் 3 மீட்டர் என்றால், இரு செயின்களின் வெளி விளிம்புக்கிடையே 3.37 மீட்டர் இருப்பதால் பக்கத்துக்கு 18 செ.மீ. வெளியே தொங்கும்.

அமெரிக்க எம்1000 டிரெய்லரில் ஐந்து வரிசை ஆக்சில், 40 டயர். ஹைட்ராலிக் சிலிண்டர்கள் ஒன்றோடொன்று இணைந்திருப்பதால் ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கினாலும் சுமை மற்றவற்றுக்குச் சமமாகப் பிரியும். என் பார்வையில் இதுதான் முக்கிய வேறுபாடு, இழுக்கும் லாரியின் குதிரைசக்தி அல்ல. நம் ராணுவத்துக்கு 2025-இல் ஒப்பந்தமான, 50 டன் ஏற்றும் 212 டிரெய்லர்களிலும் திருப்பவும் தூக்கவும் கூடிய ஆக்சில்கள் உண்டு.

ஏற்றும்போது டிரெய்லர் மட்டமான, கெட்டியான தரையில் நிற்க வேண்டும். கண்மாய்க் கரையோரக் கரிசல் மண்ணில் வேண்டவே வேண்டாம். டேங்க் நேராக, முதல் கியரில் ஏற வேண்டும். ராம்ப்பிலும் தளத்திலும் திருப்பவே கூடாது. ராம்ப் உச்சியைத் தாண்டும் கணத்தில் முன்பாதி அந்தரத்தில் நின்று, பிறகு சாயும். அப்போது ஆக்சிலேட்டரை விடாவிட்டால் 41 டன்னும் தளத்தில் மோதும். வழிகாட்டுபவர் ஒருவர் மட்டும், டிரைவர் கண்ணுக்குத் தெரியும்படி தள்ளி நிற்க வேண்டும். இரண்டு பேர் கை காட்டினால் விபத்துதான்.

நிறுத்தும் இடமும் முக்கியம். முன்னால் தள்ளி நின்றால் டிரெய்லர் லாரியோடு இணையும் டர்ன்டேபிள் அமுங்கும், பின்னால் போனால் இழுக்கும் லாரியின் பின்சக்கரப் பிடிப்பு குறையும். அதனால் தளத்தில் கோடு போட்டு வைப்பார்கள். பீரங்கிக் குழல் உடம்பைவிட இரண்டரை மீட்டர் நீண்டிருப்பதால், பின்பக்கம் திருப்பிப் பூட்டிவிட்டால் வளைவில் கேபினில் இடிக்காது.

கட்டுவதற்கும் கணக்கு இருக்கிறது. சடன் பிரேக்குக்கு எடையின் 0.8 பங்கு, அதாவது 33 டன் முன்னோக்கி இழுக்கும். எண்ணெய் படிந்த இரும்புத் தளத்தில் இரும்புச் செயின் வழுக்கும். அடியில் பலகை போட்டால் 12 டன் வரை உராய்வே பிடித்துக்கொள்ளும். மீதி 21 டன். 13 மி.மீ., தரம்-8 சங்கிலி நேராக 10 டன் தாங்கும். குறுக்காகச் சாய்த்துக் கட்டினால் கிடைப்பது சுமார் 6 டன். ஆக, முன்னோக்கி நகராமல் பிடிக்க மட்டும் நான்கு சங்கிலி, செயினுக்கு முன்னால் கட்டையும் வேண்டும். டேங்க் டார்ஷன் பார் (முறுக்கு ஸ்பிரிங்) மேல் நிற்பதால் ஓட்டத்தில் குலுங்கிக் குலுங்கி உடம்பு தாழும், சங்கிலி தளரும். முதல் 10, 15 கி.மீ.யிலேயே நிறுத்தி, சங்கிலியை இறுக்கும் திருகான டர்ன்பக்கிளை இறுக்கியே ஆக வேண்டும். அப்போதே டிரெய்லர் சக்கரங்களின் நடு ஹப்பைக் கையால் தொட்டுப் பார்த்துவிடலாம். ஒன்று மட்டும் சுட்டால் பேரிங் அல்லது பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது. இரட்டை டயரில் உள் டயர் காற்றிழந்தது வெளியே தெரியாது. முழுப் பாரமும் வெளி டயருக்குப் போய் அது வெடிக்கும்.

பாலங்களைப் பற்றியும் கேட்டிருந்தார். நான்குவழிச் சாலைப் பாலங்களைக் கணக்கிடும் கிளாஸ் 70ஆர் சுமையில் ஒன்று 70 டன் செயின் வண்டிதான், தரையில் படும் நீளம் 4.57 மீட்டர். இன்னொன்று 100 டன் சக்கர வண்டி. மேலூர்ப் பக்கப் பெரியாறு கால்வாய்க் கிளைகளின் சின்னப் பாலங்களில் டேங்க் தானாக ஏறினால் 41 டன்னும் ஒரே நேரத்தில் விழும். டிரெய்லரில் போனால் ஓரிரு ஆக்சில் வரிசையின் பாரம்தான். நீண்ட பாலத்தில் இது தலைகீழ், மொத்த வண்டியின் எடையும் சேர்ந்து வரும். மதுரை வைகையின் மேலுள்ள 19-ஆம் நூற்றாண்டின் ஏ.வி. பாலத்தை விட்டு ரிங் ரோட்டில் சுற்றிப் போவதே சரி. செயின் வண்டிகள் அடுத்தடுத்துப் போனால் இடையில் 90 மீட்டர் விட வேண்டும், அந்த இடைவெளியை வைத்துத்தான் பாலமே கணக்கிடப்படுகிறது.