ஆய்வகத்திலிருந்து பேட்டன்ட் துறைக்கு: வாசகர் கேள்விகள்

பயோடெக்னாலஜியில் பி.எச்டி. முடித்து போஸ்ட்டாக்கில் இருக்கிறேன். பேட்டன்ட் ஏஜென்ட் ஆக எல்.எல்.பி. வேண்டுமா?

வேண்டாம். பேட்டன்ட் ஏஜென்ட் என்பவர் மற்றவர்களுக்காகக் காப்புரிமை விண்ணப்பம் எழுதி நடத்தித் தருபவர். 1970 காப்புரிமைச் சட்டத்தின் 126ஆவது பிரிவு கேட்பது இந்தியக் குடியுரிமை, 21 வயது, அறிவியல் அல்லது பொறியியல் பட்டம், ஏஜென்ட் தேர்வில் தேர்ச்சி, அவ்வளவுதான். ஒரு தாள் சட்டமும் விதிகளும், இன்னொரு தாள் டிராஃப்டிங் (விண்ணப்பம் எழுதுவது), பிறகு நேர்முகம். எழுத்துத் தாள் ஒவ்வொன்றிலும் பாதி மதிப்பெண்ணும், மொத்தத்தில் 60 சதவீதமும் எடுக்க வேண்டும். இந்தத் தேர்வு வருடம் தவறாமல் நடப்பதில்லை. அதை நம்பி இருக்கிற ஃபெலோஷிப்பை விட்டுவிடாதீர்கள்.

கோர்ட்டில் வாதாட ஆசை இருந்தால் கதை வேறு. அறிவுசார் சொத்து மேல்முறையீட்டு வாரியத்தை 2021இல் கலைத்த பிறகு காப்புரிமை மேல்முறையீடுகள் உயர்நீதிமன்றத்துக்குப் போகின்றன. அங்கே வக்கீல்தான் நிற்க முடியும்.

நல்ல ஜர்னல்களில் பேப்பர்கள் இருக்கின்றன. ஆனாலும் இரண்டு நிறுவனங்களின் டிராஃப்டிங் டெஸ்ட்டில் தோற்றேன். ஏன்?

பேப்பர் எழுதும் பாணியிலேயே கிளெய்மையும் (பேட்டன்ட்டில் உரிமை கோரும் பகுதி) எழுதியிருப்பீர்கள். எனக்கு வரும் விண்ணப்பதாரர்களில் பாதிப்பேர் இங்கேதான் சறுக்குகிறார்கள்.

பேப்பரில் அடக்கம் நல்ல குணம். "இந்த நிலைமைகளில், இந்த என்சைமில், இப்படித் தெரிகிறது" என்று எழுதினால் ரெஃப்ரி மகிழ்வார். கிளெய்ம் என்பது நிலப் பத்திரத்தில் நான்கெல்லை எழுதுவது. நீங்கள் பரிசோதித்த ஒரே ஒரு மியூட்டேஷனை மட்டும் எழுதினால், போட்டியாளர் பக்கத்து அமினோ அமிலத்தை மாற்றிக்கொண்டு போய்விடுவார். 80 சதவீதம் ஒத்த வரிசை எல்லாம் என்னுடையது என்று எழுதினால், "செய்து காட்டியது ஒன்றுதானே" என்று காப்புரிமை அலுவலகத்தில் விண்ணப்பத்தைப் பரிசோதிக்கும் எக்ஸாமினர் மடக்குவார். இந்த இரண்டுக்கும் நடுவே உங்கள் டேட்டா எதுவரை தாங்கும் என்று கணிப்பதற்குத்தான் சம்பளம். அந்தக் கணிப்பு ஆய்வகத்தில் கைப்பட வேலை செய்தவருக்கே வரும். பயோடெக்கில் பி.எச்டி.க்கு மதிப்பு இருப்பது இதனால்தான்.

ஒரு வழக்கு படியுங்கள்: நோவோசைம்ஸ் (என்சைம் தயாரிக்கும் நிறுவனம்), சென்னை உயர்நீதிமன்றம், 2023. பொருள் ஃபைட்டேஸ், கோழித் தீவனத்தில் சேர்க்கும் என்சைம். தீவனத்தை நீராவியில் பெல்லட் ஆக்கும்போது சாதாரண என்சைம் வெந்து செயலிழக்கும். சூடு தாங்கும் வகைக்கு அவர்கள் காப்புரிமை கேட்டார்கள். தெரிந்த பொருளின் புதிய வடிவத்துக்கு, செயல்திறன் கூடினால்தான் காப்புரிமை என்கிற 3(டி) பிரிவு மருந்துக்கு மட்டுமல்ல, இதற்கும் பொருந்தும் என்றது நீதிமன்றம்; ஆனால் சூடு தாங்கும் திறன் கூடியதையே செயல்திறன் கூடியதாக ஏற்றுக்கொண்டது. எந்த டேட்டா எந்த வாக்கியத்தைக் காப்பாற்றியது என்று பார்த்தால் மூன்று சர்ட்டிஃபிகேட் கோர்ஸ் படித்ததற்குச் சமம். (கோர்ஸ்களைக் குறை சொல்லவில்லை. வைபோ எனும் உலக அறிவுசார் சொத்து அமைப்பின் அடிப்படைப் பாடம் இலவசம், அதை முடித்துவிடுங்கள். ஆனால் ரெஸ்யூமேயில் அதைத் தலைப்பில் போடாதீர்கள்.)

பயிற்சிக்கு ஒரு வழி. உங்கள் துறையிலேயே வழங்கப்பட்ட ஒரு பேட்டன்ட்டை எடுத்து, கிளெய்ம் பகுதியை மறைத்துவிட்டு, விளக்கத்தை மட்டும் படித்து நீங்களே எழுதுங்கள். பிறகு ஒப்பிடுங்கள். எக்ஸாமினர் ஆட்சேபங்களை எழுதிய முதல் பரிசோதனை அறிக்கையும் அதற்கு விண்ணப்பதாரர் தந்த பதிலும் காப்புரிமை அலுவலகத்தின் தேடல் தளத்தில் இலவசமாகக் கிடைக்கும். அடுத்த இன்டர்வியூவுக்கு இப்படி எழுதிய ஒன்றைக் கையில் கொண்டுபோங்கள்.

பேப்பர் வெளியான பின் ஒரு வருடத்துக்குள் பேட்டன்ட் போடலாம் என்கிறார் என் கைடு. உண்மையா?

அவர் அமெரிக்காவில் போஸ்ட்டாக் செய்தவராக இருக்கலாம். அங்கே 12 மாதச் சலுகை உண்டு. இந்தியாவில் 31ஆவது பிரிவு தருவது மிகக் குறுகிய விலக்கு: அரசு அறிவிக்கை செய்த கண்காட்சி, அறிஞர் சங்கத்தில் வாசித்த கட்டுரை போன்றவை. ஐரோப்பாவில் கதவு ஏறக்குறைய மூடியே இருக்கும். கருத்தரங்கில் போஸ்டர் வைப்பதும் வெளியிட்டதாகவே கணக்கு. வெளியிடும் முன்பே ப்ரொவிஷனல் (தற்காலிக விண்ணப்பம்) போட்டுவிட்டால், முழு விவரக்குறிப்புக்கு 12 மாதம் கிடைக்கும்.

கூடவே ஒன்று. இந்திய மண்ணிலிருந்து எடுத்த பாக்டீரியாவோ செடியோ உங்கள் ஆய்வில் இருந்தால், தரமணியிலுள்ள தேசிய பல்லுயிர் ஆணையத்தின் நடைமுறை ஒன்று பாக்கி இருக்கும். கடைசி நேரத்தில் கோப்பு நிற்பது பெரும்பாலும் இதனால்தான்.

நான் தாவர மூலக்கூறு உயிரியல். செடிக்கு இந்தியாவில் காப்புரிமை இல்லை என்கிறார்களே, எனக்கு வேலை கிடைக்குமா?

காப்புரிமைச் சட்டத்தின் 3(ஜே) பிரிவு செடி, விதை, ரகம் எல்லாவற்றையும் விலக்குகிறது, உண்மை. நுண்ணுயிரியை அது விலக்கவில்லை. புதிய ரகங்களுக்கு 2001இன் தாவர ரகப் பாதுகாப்புச் சட்டம் தனியாக இருக்கிறது. அமெரிக்க, ஐரோப்பிய விண்ணப்பங்களுக்கான தேடல் வேலையும் இங்கே நடக்கிறது. பயப்பட வேண்டாம்.

அரசு எக்ஸாமினர் பணியா, தனியார் நிறுவனமா?

எக்ஸாமினர் பணி மத்திய அரசுச் சம்பள அட்டவணையில் லெவல் 10, தொடக்க அடிப்படைச் சம்பளம் 56,100 ரூபாய். கிண்டியில் அலுவலகம் இருக்கிறது; கொல்கத்தா, டெல்லி, மும்பைக்கும் அனுப்புவார்கள். பத்தாண்டு பணியாற்றி விலகினால் தேர்வு எழுதாமலே ஏஜென்ட் ஆகலாம். ஆனால் ஆளெடுப்பு எப்போது வரும் என்று யாரும் சொல்ல முடியாது. கே.பி.ஓ.க்களில் (பிற நிறுவனங்களுக்காக ஆய்வுப் பணி செய்து தரும் நிறுவனங்கள்) பிரையர் ஆர்ட், அதாவது ஏற்கெனவே வெளியானவற்றின் தேடலோடு தொடங்குவது எளிது. இரண்டு வருடத்துக்கு மேல் தேடல் மட்டுமே செய்தால் டிராஃப்டிங் கை வராது என்பது என் அபிப்பிராயம்.

வயது 39. குழந்தைகளுக்காக ஆறு வருடம் இடைவெளி. தாமதமா?

ஏஜென்ட் தேர்வுக்கு மேல்வயது வரம்பு இல்லை. எக்ஸாமினர் பணிக்கு உண்டு. நேரம் குறைவாக உள்ளவருக்கு, பரிசோதனை அறிக்கைக்குப் பதில் எழுதித் தரும் வேலை பொருந்தும்: பதில் தர 6 மாதம், வேண்டினால் இன்னும் 3 மாதம். வீட்டிலிருந்தே செய்யலாம். சேரும்போதே மாதத்துக்கு எத்தனை கோப்பு என்று கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.