வார்டனின் கட்டில்

அன்புள்ள ஐயா,

சேலம் அம்மாப்பேட்டையில் தறி வைத்திருக்கிறேன். என் மகன் இந்த ஆண்டு கோவைப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் சேர்ந்து விடுதியில் தங்கியிருக்கிறான். இரவு 11 மணிக்கு மேல் சீனியர்கள் தங்கள் அறைக்குக் கூப்பிட்டு ‘இன்ட்ரோ’ கேட்கிறார்களாம். சட்டையின் மூன்றாவது பட்டனைப் பார்த்தபடிதான் நிற்க வேண்டுமாம். அடிக்கவில்லை. ‘யாரிடமும் சொல்லிவிடாதீர்கள் அப்பா’ என்கிறான். ‘எல்லாம் தீபாவளி வரைக்கும்தான், அடுத்த வருடம் இவனுக்கும் ஒரு ஜூனியர் வருவான்’ என்கிறார் என் மைத்துனர். எனக்கும் அது சரியென்றுதான் படுகிறது. ஆனால் தூக்கம் வரவில்லை. புகார் கொடுப்பதா, கல்லூரியை மாற்றுவதா, பொறுத்துக்கொள்வதா?

ச., சேலம்

அன்புள்ள ச.,

போன வாரம் ஏற்காட்டுக்குப் பஸ்ஸில் போய்வந்ததிலிருந்து எனக்கும் இதே நினைப்புதான். அதனால்தான் உங்களுக்கு உடனே எழுதுகிறேன்.

சேர்க்கையின்போது, ராகிங்கில் ஈடுபட மாட்டேன் என்று உங்கள் மகன் ஓர் உறுதிமொழிப் பத்திரம் கொடுத்திருப்பான். பெற்றோர் என்ற முறையில் நீங்களும் ஒன்று கொடுத்திருப்பீர்கள். அதில் கையெழுத்துப் போட்ட கையால் ‘எனக்கும் சரியென்றுதான் படுகிறது’ என்று எப்படி எழுதினீர்கள்? அடுத்த வருடம் வரப்போகிற அந்த ஜூனியர் எந்தத் தறிக்காரர் வீட்டுப் பிள்ளையோ! உங்கள் வீட்டில் போன தூக்கம் அவர் வீட்டிலும் போனால் கணக்கு நேராகிவிடுமா? உங்கள் கடிதத்தில் எனக்குப் பிடித்த ஒரே வரி, தூக்கம் வரவில்லை என்பதுதான். மைத்துனரை விட்டுவிட்டு அதை நம்புங்கள்.

அடிக்கவில்லை என்பதெல்லாம் ஒரு சமாதானமா? பல்கலைக்கழக மானியக் குழுவின் 2009 விதிகளின்படி, சொல்லாலோ செயலாலோ ஒரு மாணவனைக் கூசிக் குறுக வைத்தாலே அது ராகிங்தான். கல்லூரியை மாற்றும் பேச்சே வேண்டாம். தப்புச் செய்தவர்கள் அங்கேயே இருக்க, உங்கள் பிள்ளை ஏன் பெட்டியைத் தூக்க வேண்டும்? புகார் கொடுங்கள். ராகிங் புகாருக்கான தேசிய உதவி எண் 1800-180-5522; எந்நேரமும் பேசலாம். தகவல் தருபவர் யார் என்பது வெளியே தெரியாமல் கல்லூரி காக்க வேண்டும் என்பதும் விதியிலேயே இருக்கிறது.

சட்டத்துக்கு நம்மிடம் பஞ்சமில்லை. 1996 நவம்பரில் சிதம்பரத்தில் முதலாண்டு மருத்துவ மாணவர் நாவரசு கொல்லப்பட்டதை நாளிதழில் படித்துக் கை நடுங்கிய தலைமுறை நாம். அதன்பிறகுதான் 1997இல் தமிழ்நாட்டில் ராகிங் தடைச் சட்டம் வந்தது. 2 ஆண்டு வரை சிறை, 10,000 ரூபாய் வரை அபராதம். 2009இல் இமாச்சலத்தில் இன்னொரு மருத்துவ மாணவர் செத்த பிறகு மானியக் குழுவின் விதிகள் வந்தன. இந்த விஷயத்தில் ஒவ்வொரு காகிதமும் ஒரு பிள்ளையைப் பறிகொடுத்த பிறகே எழுதப்பட்டிருக்கிறது.

இருந்தும் உங்கள் மகன் இரவு 11 மணிக்குப் பட்டனைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான். ஏன் என்று எனக்குத் தெரியும்.

1983இல் நான் சேலத்தில் ஒரு கல்லூரி விடுதியில் முதலாண்டு. என் அறைத்தோழன் சேர்வராயன் மலையில் ஒரு சிற்றூர்க்காரன். அவன் அப்பா காப்பித் தோட்டத்தில் ஒற்றை மூங்கில் ஏணியைச் சில்வர் ஓக் மரத்தில் சாய்த்து ஏறி மிளகு பறிப்பவர். அந்த வீட்டிலிருந்து கல்லூரிக்கு வந்த முதல் ஆள் அவன். ஊர் எது என்று கேட்ட சீனியர்கள், ‘அப்படியானால் ஏற்காட்டு பஸ்ஸை ஓட்டிக் காட்டு’ என்றார்கள்.

வராந்தாவில் ஒரு முக்காலி. அவன் கையில் ஸ்டீயரிங்காக மெஸ்ஸின் அலுமினியத் தட்டு. பின்னால் குந்தவைத்த முதலாண்டுப் பிள்ளைகள் பயணிகள். நான் கண்டக்டர். அவனுடைய நோட்டிலிருந்தே தாள் கிழித்து டிக்கெட் கொடுத்தேன். மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் நான் எண்ணைக் கத்த வேண்டும்; அவன் உடம்பை வளைத்துத் தட்டைத் திருப்பி வாயால் ஹாரன் அடிக்க வேண்டும். ஏறி முடித்ததும் இறங்க வேண்டும். மறுபடி ஏற வேண்டும். மூன்றாவது நடையில், 14ஆவது வளைவில், ஹாரன் வரவில்லை. உதடு காய்ந்து காற்றுதான் வந்தது. தட்டின் விளிம்பு அழுத்திக் கட்டைவிரல் சிவந்திருந்தது. எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கேட்கவில்லையோ என்பதுபோல ‘பதினாலு’ என்று இன்னொரு முறை கத்தினேன்.

காலையில் டிரங்குப் பெட்டியைக் கயிற்றால் கட்டிக்கொண்டிருந்தான். பழைய பஸ் நிலையம் வரை ஒரு பக்கம் நான் பிடித்துக்கொண்டேன். ‘ஊருக்குப் போய்விட்டு வருகிறேன்’ என்றான். வரவில்லை. இன்று அந்த மலைப்பாதையில் வளைவுக்கு வளைவு எண் பலகை இருக்கிறது. போன வாரம் 14ஆம் எண்ணைப் பார்க்க முடியாமல் முகத்தை உள்பக்கம் திருப்பிக்கொண்டேன்.

அன்றிரவு வார்டன் எங்கே இருந்தார்? அவருடைய அறை அதே வராந்தாவின் கோடியில் இருந்தது, வெளியே பூட்டோடு. அவர் ஊருக்குள் சொந்த வீட்டில் இருந்தார். மாலை ஆறு மணிக்கு வந்து பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு ஸ்கூட்டரில் திரும்பிவிடுவார். அந்த நாளுக்கும் கையெழுத்து இருந்தது.

நான் மூன்றாம் ஆண்டு படிக்கும்போது ஒரு கணித ஆசிரியர் வார்டனாக வந்தார். ஒரு இரும்புக் கட்டிலையும் ஒரு கூஜாவையும் கொண்டுவந்து அந்தப் பூட்டைத் திறந்தார். எங்கள் வரிசையிலேயே தட்டோடு நின்று மெஸ்ஸில் சாப்பிட்டார். இரவு 12 மணி வரை கதவைத் திறந்துவைத்துக்கொண்டு விடைத்தாள் திருத்துவார். யாராவது கடந்து போனால், ‘சாப்பாடு சரியாக இருந்ததா?’ என்பார். யாரையும் மிரட்டவில்லை. அந்த வருடம் எந்தப் பிள்ளையும் யார் அறைக்கும் கூப்பிடப்படவில்லை. அப்போது ராகிங்குக்கென்று தனிச் சட்டமே கிடையாது.

மானியக் குழுவின் விதிகளில் இதுவும் இருக்கிறது: விடுதிக்கு முழுநேர வார்டன் வேண்டும், அவர் விடுதிக்குள்ளேயே, முடியாவிட்டால் மிக அருகிலாவது, குடியிருக்க வேண்டும். மற்ற எல்லா விதிகளுக்கும் உயிர் கொடுக்கிற விதி இது ஒன்றுதான் என்பேன். கல்லூரியின் ராகிங் தடுப்புக் குழு பகலில் கூடுகிறது. அறிவிப்புப் பலகையைப் பகலில் படிக்கிறார்கள். கேமரா வராந்தாவைப் பார்க்கும். மூடிய கதவுக்குள் பார்க்காது. நாள் முழுக்க வகுப்பெடுத்துக் களைத்த உதவிப் பேராசிரியர் தலையில் ‘கூடுதல் பொறுப்பு’ என்று இந்த வேலையைக் கட்டுகிறார்கள். வீடு கிடையாது, சொல்லிக்கொள்ளும் அளவுக்குப் படித்தொகை கிடையாது. அவர் ஏன் தங்குவார்? வார்டன் வேலை ஒரு வேலை. அதற்கு ஆள் போடுங்கள், குடும்பத்தோடு தங்க வீடு கொடுங்கள், நல்ல சம்பளம் கொடுங்கள். நாற்பது வருடமாக இதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

நாமும் கேட்பதில்லை. சேர்க்கைக்குப் போனபோது எத்தனை கம்பெனி வளாகத் தேர்வுக்கு வருகிறது என்று விசாரித்திருப்பீர்கள். அறையில் ஏசி உண்டா என்று கேட்டிருப்பீர்கள். வார்டன் இரவில் எங்கே படுக்கிறார் என்று கேட்டீர்களா?

வெள்ளிக்கிழமை தறியை நிறுத்திவிட்டுக் கிளம்புங்கள். மூன்று மணி நேரப் பயணம்தான். பகலில் போய் முதல்வர் அறையில் காப்பி குடிக்காதீர்கள். இரவு 11 மணிக்கு விடுதி வாசலில் நின்று, வார்டனைப் பார்க்க வேண்டும் என்று சொல்லுங்கள். அவர் வர எவ்வளவு நேரம் ஆகிறது என்று கடிகாரத்தைப் பாருங்கள். அதையும் புகாரில் எழுதுங்கள்.

மகனிடம் மட்டும் ‘ஏன் முதலிலேயே சொல்லவில்லை’ என்று கேட்டுவிடாதீர்கள். அவன் சொல்லிவிட்டான், உங்களிடம். போகும்போது கொஞ்சம் தட்டுவடை வாங்கிக்கொள்ளுங்கள், அறையில் இருக்கும் மற்ற பிள்ளைகளுக்கும் சேர்த்து.