பிரேசர் மலைக்குச் சைக்கிளில் போக: முதலில் பல்லை எண்ணுங்கள்

"வயது 46. செந்தூலில் இருக்கிறேன். வார இறுதியில் சமதளத்தில் 60, 70 கிலோமீட்டர் ஓட்டுவேன். இரண்டு நண்பர்களோடு கோலாலம்பூரிலிருந்து பிரேசர் மலைக்கு ஏறி, ஓர் இரவு தங்கி, மறுநாள் திரும்ப ஆசை. என் கால் தாங்குமா? என்ன பயிற்சி வேண்டும்?" என்று கேட்கிறார் ஒரு வாசகர்.

தாங்கும். 70 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு மறுநாள் வேலைக்குப் போகிறவருக்கு இந்த மலை எட்டாத உயரமில்லை. ஆனால் பாதி வழியில் இறங்கிச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்களில் காலில் பலமில்லாதவர்கள் குறைவு. கியர் பொருந்தாதவர்களும், நேரத்துக்குச் சாப்பிடாதவர்களும்தான் அதிகம்.

அதனால் இன்றைக்கே சைக்கிளைத் தலைகீழாக வையுங்கள். பின்சக்கரத்தில் இருக்கும் பல்சக்கரங்களில் பெரியதைத் துணியால் துடைத்தால் பெரும்பாலும் ஓர் எண் தெரியும். இல்லையென்றால் பல்லை எண்ணிவிடுங்கள். பல ரோடு பைக்குகளில் அது 28 இருக்கும். முன்னால் இருக்கும் சின்ன சக்கரம் 34 என்றால், பெடல் ஒரு சுற்றுக்குச் சைக்கிள் இரண்டரை மீட்டர் நகரும். நிமிடத்துக்கு 70 சுற்று மிதித்தால் மணிக்குப் பத்தரை கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டிவரும். பையோடு ஏற்றத்தில் அந்த வேகம் எல்லாருக்கும் வராது. சுற்று 50க்கு இறங்கும், பாரமெல்லாம் முழங்காலில் விழும். பின்னாலும் 34 பல் போட்டால் அதே 70 சுற்றில் மணிக்கு 9 கிலோமீட்டருக்குள் நிதானமாகப் போகலாம். கேட்கச் சின்ன வித்தியாசம்தான், ஆனால் நாலு மணி நேரம் மிதிக்கிறவருக்கு மூச்சே மாறிவிடும். ஒன்று மட்டும் கவனியுங்கள். சில சைக்கிள்களில் பின்சக்கரத்தருகே செயினை நகர்த்திக் கியர் மாற்றும் கை (ரியர் டிரெய்லர்) குட்டையாக இருக்கும், 34 பல்லுக்கு அது போதாது. கையையும் செயினையும் சேர்த்து மாற்ற வேண்டுமா என்று கடையில் கேட்ட பிறகு வாங்குங்கள்.

வழியைச் சொல்லிவிடுகிறேன். நெடுஞ்சாலையில் சைக்கிளுக்கு அனுமதியில்லை. ராவாங், செரண்டா, பத்தாங் காலி வழியாகப் பழைய 1ஆம் எண் சாலையிலேயே கோல குபு பாருவுக்குப் போங்கள். சுமார் 60 கிலோமீட்டர், லோரி அதிகம். விடியுமுன் ஐந்தரைக்கே விளக்கோடு கிளம்பினால் ஒன்பது மணிக்குள் போய்விடலாம். அங்கிருந்து 55ஆம் எண் சாலை. சுங்கை சிலாங்கூர் அணை நீர்த்தேக்கத்தை ஒட்டிப் போய், காட்டுக்குள் முப்பது கிலோமீட்டர் வளைந்து வளைந்து கேப் (The Gap) என்ற மலைக்கணவாய் வரை ஏறும். சாய்வு பெரும்பாலும் மிதம்தான், ஆனால் முடிவே தெரியாது. கேப்புக்கு மேலே கடைசி எட்டு கிலோமீட்டரில் 400 மீட்டர் உயர்வு. அதற்குக் காலில் தெம்பு மிச்சம் இருக்க வேண்டும்.

மிச்சம் வைப்பது சாப்பாடு. அணையைத் தாண்டி ஒருமுறை எனக்குத் திடீரென்று கண் இருண்டு, கை நடுங்கி, சாலையோரக் கல்லில் உட்கார்ந்துவிட்டேன். காலையில் ஒரு தேத்தாரே மட்டும் குடித்துவிட்டு, பசிக்கும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்ததன் பலன் அது. பசி தெரியும்போது நேரம் கடந்திருக்கும். மணிக்கு ஏறத்தாழ 60 கிராம் மாவுச்சத்து உள்ளே போக வேண்டும், அதாவது இரண்டு நல்ல வாழைப்பழமும் கொஞ்சம் பேரீச்சையும். சட்டைப் பையில் வைத்து அரை மணிக்கு ஒருமுறை, பிடிக்கிறதோ இல்லையோ, மெல்லுங்கள். கோல குபு பாருவில் ரொட்டி சானாயோ தோசையோ வயிறு கனக்காத அளவுக்குச் சாப்பிடலாம். சாம்பார் தாராளமாக ஊற்றிக்கொள்ளுங்கள், வியர்வையில் போன உப்பு திரும்பும். மேலே கடை குறைவு, அதனால் இரண்டு பாட்டில் தண்ணீரையும் இங்கேயே நிரப்பிவிடுங்கள்.

பயிற்சிக்குப் பத்து வாரம் போதும். உங்களுக்குப் பக்கத்திலேயே கோம்பாக் பழைய சாலை இருக்கிறது, கெந்திங் செம்பா வரை ஏறிப் பழகுங்கள். அது பழகியதும் ஹுலு லங்காட்டிலிருந்து ஜெலுபு போகும் வழியில் கெந்திங் பெராஸ். கடைசி நாலு வாரம் சனி, ஞாயிறு இரண்டு நாளும் அடுத்தடுத்து ஓட்டுங்கள். இரண்டாம் நாள் காலையில் பிட்டம் இருக்கையைத் தொடும்போது எப்படி இருக்கிறது என்பதை வீட்டருகிலேயே தெரிந்துகொள்வது நல்லது.

மாதம் ஜூன் அல்லது ஜூலையாக இருக்கட்டும். ஏப்ரலிலும், அக்டோபர், நவம்பரிலும் பிற்பகல் இடிமழை அதிகம், மலைச்சாலையில் மண் சரியும். எந்த மாதமானாலும் மதியம் ஒரு மணிக்குள் கேப்பில் இருங்கள்.

இறக்கத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, எனக்கு அதில்தான் கவலை. 1951 அக்டோபர் 6 அன்று மலாயாவின் பிரிட்டிஷ் உயர் ஆணையர் ஹென்றி கர்னி, பதுங்கியிருந்தவர்களால் தாக்கப்பட்டு இறந்தது இதே சாலையில், கேப்புக்கு அருகில். எதிரே வருவது கடைசி நொடியில்தான் தெரியும் அப்படிப்பட்ட வளைவுகள் அவை. பகலிலும் விளக்கு எரியட்டும், இடது ஓரத்தை விடாதீர்கள். வளைவுக்கு முன்பே, சைக்கிள் நேராக இருக்கும்போதே, இரண்டு பிரேக்கையும் அழுத்தி வேகத்தைக் குறைத்து, திரும்பும்போது விட்டுவிடுங்கள். மேலிருந்து கீழ்வரை பிடித்துக்கொண்டே வந்தால் ரிம் சுடும், விரல் மரத்துப்போகும். கிளம்புமுன் சட்டைக்குள் நெஞ்சோடு ஒரு நாளிதழை மடித்து வையுங்கள். காலைப் பனியில் குளிர் ஏறினால் விரல் பிரேக்கை அழுத்தாது. கோல குபு பாருவில் அதை எடுத்துப் போட்டுவிட்டு, வெயில் ஏறுமுன் ராவாங்கைத் தாண்டிவிடுங்கள்.