குறிப்புதவி மேசையில் எதை எண்ணுகிறார்கள்?

கேள்வி: அமெரிக்க நூலகங்களின் ஆண்டறிக்கைகளில், குறிப்புதவி மேசையில், அதாவது வாசகர் கேட்பதற்கு நூலகர் விடை தேடித் தரும் மேசையில், இத்தனை கேள்விகளுக்கு விடையளித்தோம் என்று ஓர் எண்ணிக்கை காணப்படுகிறது. கழிப்பறைக்கு வழி கேட்டவரையும் ஆய்வேட்டுக்குத் தரவு தேடி வந்தவரையும் ஒரே கணக்கில் சேர்த்துவிடுவார்களா? ஆண்டு முழுவதும் இப்படிக் குறித்துவைப்பது நடக்கிற காரியமா?

பதில்: சேர்ப்பதில்லை. அமெரிக்க நூலகச் சங்கத்தின் குறிப்புதவிப் பிரிவு 2008இல் ஏற்ற வரையறையின்படி, நூலகர் தகவல் மூலங்களைத் தேடியோ மதிப்பிட்டோ விளக்கியோ ஒருவரின் தேவையை நிறைவேற்ற உதவினால்தான் அது குறிப்புதவிக் கேள்வியாகும்; இடம், வேலை நேரம், அச்சுப்பொறி, நூலக விதி பற்றிய விசாரிப்புகள் அதில் அடங்கா. அந்நாட்டுப் பொது நூலகக் கணக்கெடுப்பில், ஒருவர் ஒரே உரையாடலில் இந்த இரண்டு வகையாகவும் கேட்டால் அதை ஒரே குறிப்புதவிக் கேள்வியாகக் கொள்வார்கள்.

ஆண்டு முழுவதும் எண்ண இயலாத பொது நூலகங்கள், வழக்கமான ஒரு வாரத்தில் மட்டும் எண்ணி அதை 52ஆல் பெருக்கி மதிப்பீடாகத் தரலாம். தேர்வுக் காலத்தில் நிரம்பி விடுமுறையில் வெறிச்சோடும் கல்லூரி நூலகத்துக்கு இந்தப் பெருக்கல் ஒத்துவராது என்பது என் கருத்து.

எண்ணிக்கையைவிடச் சிக்கலானது, கேள்வியின் கனம். தாளில் கோடு போட்டு எண்ணும்போது, ஒரு நொடியில் சொல்லிய விடைக்கும் ஒரு கோடு. இரண்டு நாள் தேடித் தந்த விடைக்கும் ஒரு கோடுதான். சென்னைப் பல்கலைக்கழக நூலகராக இருந்த எஸ்.ஆர். ரங்கநாதன், உடனடிக் குறிப்புதவி, நெடுநேரக் குறிப்புதவி என்று இவற்றை முன்பே பிரித்துப் பேசினார். அந்த வேறுபாட்டை மேசைக் கணக்கிலேயே காட்டும் முறையாக, கார்னகி மெலன் பல்கலைக்கழக நூலகத்தில் பணியாற்றிய பெல்லா கார் கெர்லிக், 2000களின் தொடக்கத்தில் 'ரீட்' (READ: குறிப்புதவி உழைப்பு மதிப்பீட்டுத் தரவு) என்னும் ஆறு படி அளவுகோலை உருவாக்கினார். தனி அறிவோ தேடலோ வேண்டாத விடைக்கு 1. பல மணி நேரமோ பல நாட்களோ ஆய்ந்து தர வேண்டியதற்கு 6. இது நூலகர் செலுத்திய உழைப்பை அளக்கிறதே தவிர, கேள்வியின் பெருமையை அன்று. ஒரே கேள்விக்கு ஒருவர் 3 என்றும் மற்றவர் 4 என்றும் குறிக்கக்கூடும். ஆகவே மாதிரிக் கேள்விகளை வைத்துப் பணியாளர்கள் முதலில் தங்களுக்குள் ஒத்துப்பார்த்துக்கொள்வது அவசியம்.

கேள்வி: விடை சரியாக இருந்ததா என்பதும் இதில் தெரியுமா?

பதில்: தெரியாது. அதற்கு வேறு சோதனை தேவை. நூலகவியல் ஆய்வாளர்களான பீட்டர் ஹெர்னன், சார்லஸ் மெக்ளூர் ஆகியோர், விடை முன்பே தெரிந்த கேள்விகளைச் சாதாரண வாசகர்போல் கேட்கச் செய்து நூலகங்களைச் சோதித்தனர். 1986இல் அவர்கள் வெளியிட்ட முடிவில் ஏறத்தாழ 55 விழுக்காடே சரியான விடைகள். சிறுசிறு தகவல் கேள்விகளை மட்டும் வைத்து அளந்ததாக நூலகர்கள் பலர் இதை மறுத்தார்கள். அந்த மறுப்பிலும் நியாயம் உண்டு.

கேள்வி: எண்ணிக்கை குறைந்தால் ஆட்களைக் குறைக்கலாமா?

பதில்: எண்ணிக்கையை மட்டும் பார்த்துக் குறைக்கக் கூடாது. எளிய கேள்விகள் இணையத் தேடலுக்குப் போய்விட்டதால் மொத்தம் சரிந்து, ரீட் அளவுகோலில் 4, 5, 6 எனப் பதிவானவை அப்படியே நின்றிருந்தால், மேசையின் வேலை அந்த அளவுக்குக் குறைந்ததாகாது. எந்த நாளில், எந்த மணியில் கடினமான கேள்விகள் வருகின்றன என்று பார்த்து அனுபவமுள்ள நூலகரை அந்த நேரத்தில் அமர்த்துவதற்கே இந்தப் பதிவேடு மிகுதியும் பயன்படும்.