அது பிடிவாதம் அல்ல, கேட்டடோனியாவாக இருக்கலாம்

சகோதரி, ஆட்டிசம் உள்ள உங்கள் 16 வயது மகன் இரண்டு மாதங்களாக வாசற்படியில் அரைமணி நேரம் உறைந்து நிற்கிறான், எடுத்த கவளம் வாய்க்குப் போகாமல் பாதியில் நிற்கிறது, மருத்துவரோ “ஆட்டிசம்தான்” என்று அனுப்பிவிட்டார் என்கிறீர்கள். அந்தப் பதிலோடு நின்றுவிடாதீர்கள். புதிதாக வந்த மாற்றத்துக்குத் தனியே காரணம் தேடத்தான் வேண்டும்.

என் மகளும் இப்படித்தான் டம்ளரும் கையுமாக நின்றாள். தண்ணீர் சரிந்து பாதத்தில் வழிந்தது; அவள் அசையவில்லை. பிடிவாதம் என்று நான் அதட்டியது இன்றும் வலிக்கிறது. அது கேட்டடோனியா: உடல் அசைவும் செயலும் பாதியிலேயே உறைந்துபோகும் நிலை. கடும் மனநோயோடும் வரும், ஆட்டிசத்தோடும் வரும். மனநல மருத்துவர்கள் நோயை வகைப்படுத்தப் பயன்படுத்தும், 2013இல் வெளியான டிஎஸ்எம்-5 கையேடே ஆட்டிசத்தோடு இதைச் சேர்த்துக் குறிக்க இடம் தருகிறது. பலருக்கு லோராசிபாம் என்ற மருந்து நல்ல பலன் தருகிறது.

அவன் உறையும்போது வீடியோ எடுத்து, வேறொரு மனநல மருத்துவரிடம் காட்டி, “கேட்டடோனியாவா?” என்று நேராகவே கேளுங்கள். மனச்சிதைவுக்கான சில மருந்துகள் இதை மோசமாக்கக்கூடும். அவன் சாப்பிடும் மாத்திரைகளின் பட்டியலையும் கொண்டுபோங்கள். நீங்களாக எதையும் நிறுத்தவேண்டாம். தண்ணீர்கூட இறங்கவில்லை என்றாலோ, காய்ச்சலோடு உடல் விறைத்தாலோ, விடியும்வரை காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோய்விடுங்கள்.