சிங்கப்பூரில் குவில்ட் தைக்கிறேன், அடிக்கடி வெளிநாடும் போகவேண்டியிருக்கிறது. பாதி வேலை கெடாமல் இரண்டையும் எப்படிச் சமாளிப்பது?

கேள்வியின் சுருக்கம்: மூன்று மாதத்துக்கு ஒருமுறை இந்தியாவில் உள்ள ஊருக்கோ வேறு நாட்டுக்கோ இரண்டு மூன்று வாரம் போகிறார். திரும்பி வந்தால் பாதியில் விட்ட குவில்ட்டைத் தொடவே மனம் வருவதில்லை. கடைசியாக விட்டுப்போன ஒன்றில் துருக்கறையும் விழுந்துவிட்டது. எதை வீட்டில் விடலாம், எதைக் கையோடு கொண்டுபோகலாம் என்று கேட்கிறார்.

துருக்கறையிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் பாதிப் பதில் அதில்தான் இருக்கிறது. குவில்ட் என்பது துண்டுத்துணிகளைச் சேர்த்த மேல்துணி, நடுவில் பேட்டிங் என்னும் பஞ்சு அடுக்கு, கீழே அடித்துணி என மூன்று அடுக்குள்ள போர்வை. அந்த வேலையை நிறுத்தி வைக்க நல்ல இடங்கள் மூன்றே மூன்று. துணியை வெட்டி முடித்து, ஒரு துண்டுகூடத் தைக்காத நிலை ஒன்று. துண்டுகளைச் சேர்த்துக் கட்டங்கள் (மேல்துணியின் சதுரங்கள்) எல்லாம் தைத்து, இஸ்திரி போட்டு, அளந்து, அடுக்கி வைத்த நிலை இன்னொன்று. மூன்று அடுக்கையும் ஊடுருவித் தைக்கும் குவில்ட்டிங் முழுவதும் முடிந்து, ஓரப்பட்டி மட்டும் பாக்கி இருக்கும் நிலை மூன்றாவது. இவற்றுக்கு நடுவில் எங்கே விட்டாலும் ஏதோ ஒன்று கெடும். பயணச்சீட்டு கையில் வந்ததும் நாள்காட்டியைப் பார்த்து, இந்த மூன்றில் எதை எட்ட முடியும் என்று முடிவுசெய்யுங்கள். எட்ட முடியாது என்று தெரிந்தால் அடுத்த படியைத் தொடங்கவே வேண்டாம். கிளம்பும் வாரத்தில் "எப்படியாவது மூன்று அடுக்கையும் பின் குத்தி வைத்துவிட்டுப் போகலாம்" என்று உட்காருவதுதான் பெரிய தவறு.

காரணம் இங்குள்ள காற்று. சிங்கப்பூரின் சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டுக்கு மேல். வீட்டில் ஆள் இருக்கும்போது ஏர்கானும் மின்விசிறியும் ஓடும், சன்னல் திறந்திருக்கும். மூன்று வாரம் எல்லாவற்றையும் அடைத்துவிட்டுப் போனால் தையல் அலமாரிக்குள் காற்றே அசையாது. மலிவான எஃகு சேஃப்டி பின், துணி உறிஞ்சி வைத்திருக்கும் ஈரத்தோடு ஒட்டிக் கிடந்து துருப்பிடிக்கும். மேல்துணியில் ஒரு புள்ளிதான் தெரியும். பின்னை எடுத்துப் பார்த்தால் கறை பேட்டிங் வரை இறங்கியிருக்கும். அதற்குக் குளோரின் பிளீச் போட்டுவிடாதீர்கள், துரு இன்னும் அழுத்தமாகப் பதியும். எலுமிச்சைச் சாறும் உப்பும் தடவி வெயிலில் வைத்து அலசிப் பாருங்கள். அதற்குமுன் மீந்த துண்டு ஒன்றில் சாயம் போகிறதா என்று சோதிப்பது அவசியம்.

மூன்று அடுக்கும் சேர்த்த நிலையில் விட்டுத்தான் போகவேண்டும் என்றால் பின்னுக்குப் பதில் வெள்ளைப் பருத்தி நூலால் பெரிய ஓட்டுத்தையல் போடுங்கள். நான்கு இன்ச்சுக்கு ஒரு வரிசை, குறுக்கும் நெடுக்கும். ஒரு மாலைப்பொழுது போகும்தான், ஆனால் ஆறு மாதம் கழித்து வந்தாலும் அடுக்கு நகர்ந்திருக்காது. மடிக்காமல் சுருட்டி, பழைய பருத்திப் புடவையில் சுற்றி வையுங்கள். பிளாஸ்டிக் பையில் கட்டிவைத்தால் உள்ளே இருக்கும் ஈரம் வெளியேறாமல் பூஞ்சை பிடிக்கும்.

துணியில் தையல் கோடு வரையும் பேனாக் குறிகளும் இப்படித்தான், விட்டுப்போனால் தொல்லை. ஊதா நிறப் பேனாவின் குறி காற்றுப்பட்டு மறைவது; இந்த ஈரப்பதத்தில் அது சில மணி நேரத்திலேயே போய்விடும். நீலப் பேனா தண்ணீரில் போவது. அதன்மேல் சூடு பட்டால் குறி நிலைத்துவிடும், ஆகவே இஸ்திரிப் பெட்டிக்கு முன் குளிர்ந்த நீர், சோப்பு இல்லாமல். சூட்டில் மறையும் பேனாவோ கடுங்குளிரில் மறுபடி தலைகாட்டும். அதில் கோடு போட்டுத் தைத்ததைக் கனடாவில் இருக்கும் பேரப்பிள்ளைக்குப் பரிசாக அனுப்பினால், குளிர்காலத்தில் கோடெல்லாம் தெரிய வாய்ப்பு உண்டு. பயணம் போகிறவர்களுக்கு என் பரிந்துரை: குறி போட்ட அன்றே தைக்க முடிந்தால் பேனா, இல்லையென்றால் மழுங்கிய ஊசியால் துணியில் தடம் இழுப்பது அல்லது ஒட்டியெடுக்கும் டேப்.

அலமாரியில் வைக்கும் ஈரம் உறிஞ்சும் டப்பாக்களைப் பற்றி ஒரு எச்சரிக்கை. உள்ளே இருப்பது கால்சியம் குளோரைடு. உறிஞ்சிய ஈரம் உப்புநீராகக் கீழே தேங்கும். பாதி நிறைந்த டப்பாவை மேல்தட்டில் விட்டுப்போய் அது சாய்ந்தால், கீழே உள்ள துணி முழுவதும் பாழ். கிளம்பும் முன் புதியதாக மாற்றி, அலமாரியின் அடித்தட்டில் வையுங்கள். தையல் இயந்திரத்துக்கு ஊசியைக் கழற்றிவிட்டு, பிளக்கை எடுத்துவிட்டு, துணி உறை போட்டு, சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு உள்ளே வைத்தால் போதும்.

கிளம்புமுன் ஐந்து நிமிடம் ஒதுக்கி, ஒரு சீட்டில் எழுதிக் கட்டத்தோடு சேர்த்து நூலால் கட்டிவையுங்கள்: இயந்திரத்தில் துணியை அழுத்திப் பிடிக்கும் பாதம் எது, ஊசி எந்த நிலையில், தையல் நீளம் எவ்வளவு, நூல் எது. "நினைவிருக்கும்" என்று விட்டால் இருக்காது. தையலுக்கும் துணி விளிம்புக்கும் நடுவில் விடும் கால் இன்ச் தையல் இடம் ஒரு இன்ச்சின் பதினாறில் ஒரு பங்கு கூடிப்போனால், இரு துண்டிலுமாக ஒரு தையலுக்கு எட்டில் ஒரு பங்கு இன்ச் குறைகிறது. எட்டுத் தையல் உள்ள வரிசையில் அது முழு ஒரு இன்ச். போகுமுன் தைத்த கட்டமும் வந்தபின் தைத்த கட்டமும் பொருந்தாமல் போவது பெரும்பாலும் இதனால்தான்.

இப்போது கையோடு கொண்டுபோவது. பயணத்துக்கென்றே தனியாக ஒரு கைத்தையல் குவில்ட் வைத்துக்கொள்ளுங்கள். வீட்டு வேலையின் மிச்சத்தைச் சுமக்க வேண்டாம். மிகவும் ஏற்றது இங்கிலீஷ் பேப்பர் பீசிங். பக்கம் ஒரு இன்ச் உள்ள அறுகோணக் காகிதத்தின்மேல் துணியை மடித்து, அவற்றை விளிம்போடு விளிம்பு சேர்த்துத் தைப்பது. நடுவில் ஒன்று, சுற்றி ஆறு என்று ஏழு சேர்ந்தால் ஒரு பூ. நான்கு பூவுக்கு 28 அறுகோணம். ஒவ்வொன்றுக்கும் இரண்டரை இன்ச் சதுரத் துணி, அதாவது ஐந்து இன்ச் சதுரம் ஒன்றில் நான்கு கிடைக்கும். ஆக ஏழு சதுரம் போதும். இரண்டு மூலையில் துணி சற்றுக் குறையும், அது தையலைப் பாதிக்காது. இவ்வளவும் ஒரு பென்சில் பெட்டிக்குள் அடங்கும். சென்னைக்கு நான்கு மணி நேரப் பறப்பில் இதை முடிக்கவும் முடியாது, ஆகவே போகவர இரண்டுக்கும் இதுவே தாராளம்.

காகிதம் 160 முதல் 200 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம்) வரை இருக்கட்டும். சாதாரண அச்சுத்தாள் மூலையில் மடங்கி, கூர்மை போய்விடும். வீட்டில் அச்சிட்டால் அளவு 100 விழுக்காடு என்று வைத்திருக்கிறோமா எனப் பாருங்கள். அமெரிக்கத் தாளின் அளவுக்கு வரைந்ததை ஏ4 தாளில் "பொருத்தி அச்சிடு" என்று விட்டால் கிட்டத்தட்ட 3 விழுக்காடு சுருங்கும். பழைய அறுகோணத்தோடு கலந்து தைத்தால் இருபதாவது அறுகோணத்தில் ஏறத்தாழ ஒரு இன்ச் தள்ளிப்போகும்.

துணியைக் காகிதத்தில் பிடிக்கப் பசைப் பேனா வேகமானதுதான். ஆனால் விட்டுவிட்டுத் தைப்பவர்களுக்கு அது ஏற்றதல்ல என்பது என் கருத்து. மாதக்கணக்கில் கிடந்தால் பசை இறுகி, காகிதத்தை உரிக்கும்போது துணியின் விளிம்பு பிரியும். நூலால் பிடியுங்கள், அதுவும் காகிதத்தைத் துளைக்காமல், பின்புறம் மடிப்பின் மூலைகளில் மட்டும் தைத்து. அப்படிச் செய்தால் அந்த நூலைக் கடைசியில் பிரிக்கவும் வேண்டாம். சேர்க்கும்போது இரண்டு அறுகோணத்தின் நல்ல பக்கமும் ஒன்றையொன்று பார்க்க வைத்து, விளிம்புகளை ஒன்றாகப் பிடியுங்கள். ஊசி ஒவ்வொரு மடிப்பிலும் இரண்டு மூன்று இழையை மட்டும் கவ்வ வேண்டும். காகிதத்தில் பட்டால் கையே சொல்லிவிடும்: வழுக்கிப் போகிற ஊசி திடீரென்று தடுத்து நிற்கும். இன்ச்சுக்கு 12 முதல் 16 தையல். அதைவிட அகலமாகப் போட்டால் காகிதத்தை எடுத்ததும் இடுக்கில் நூல் பல்லிளிக்கும். நாலா பக்கமும் அடுத்த அறுகோணம் வந்து சூழ்ந்த பிறகுதான் காகிதத்தை எடுக்கவேண்டும். நூலுக்கு இளஞ்சாம்பல் நிறம் எல்லாத் துணிக்கும் ஒத்துப்போகும். பத்து ஊசியில் முன்பே நூல் கோத்து வைத்துவிடுங்கள். விமான விளக்கில் ஊசிக்காதைத் தேடுவது கண்ணுக்குத் தண்டனை. இறங்குமுன் ஊசிகளை எண்ணுங்கள், அடுத்து அந்த இருக்கையில் உட்காருபவரை நினைத்து.

கத்திரிக்கோல் விஷயத்தில் ஒரு உள்ளூர் விவரம். சாங்கி விமான நிலையத்தில் முதல் மூன்று முனையங்களிலும் பாதுகாப்புச் சோதனை விமானம் ஏறும் வாயிலில்தான். நான்காவதில் மட்டும் எல்லோருக்கும் ஒரே இடத்தில். வாயிலில் பிடிபட்டால் பெட்டியில் போடலாம் என்று திரும்ப முடியாது, பெட்டி எப்போதோ போயிருக்கும். 6 சென்டிமீட்டருக்குக் குறைந்த கத்திரி அலகு பல நாடுகளில் அனுமதிக்கப்படுகிறது. அமெரிக்காவில் திருகாணியிலிருந்து 4 இன்ச்சுக்குக் குறைவு. ஆனால் சோதனை செய்பவரின் முடிவே இறுதி, திரும்பி வரும் ஊரில் வேறு மாதிரி இருக்கலாம். நகவெட்டி ஒன்று போதும், நூல் சுத்தமாக வெட்டும். சக்கரக் கத்தியான ரோட்டரி கட்டரும் பெரிய கத்திரியும் பெட்டிக்குள். ஒட்டும் ஸ்ப்ரே பசை தீப்பற்றக்கூடியது, அதை எங்கேயும் கொண்டுபோக வேண்டாம்.

வெளிநாட்டில் துணி வாங்குவதில்தான் பலர் கணக்குத் தவறுகிறார்கள். குவில்ட் பருத்தி 110 சென்டிமீட்டர் அகலத்தில் ஒரு மீட்டர் சுமார் 160 கிராம். ஆறு மீட்டருக்கே ஒரு கிலோ. தோக்கியோவின் நிப்போரி துணித்தெருவில் நின்றுகொண்டு மனக்கணக்குப் போடமுடியாது, ஆகவே அளவைச் சீட்டில் எழுதிப் பணப்பையில் வையுங்கள். 60க்கு 72 இன்ச் குவில்ட்டின் அடித்துணி எல்லாப் பக்கமும் நான்கு இன்ச் கூடி 68க்கு 80 வேண்டும். 110 சென்டிமீட்டர் அகலத் துணியில் 68 இன்ச் நீளத் துண்டு இரண்டைச் சேர்த்துத் தைத்தால் வரும். சுருக்கத்துக்கும் சேர்த்து 3.6 மீட்டர். இந்த ஒரு எண் கையில் இருந்தால் "இருக்கட்டும்" என்று ஐந்து மீட்டர் வாங்கமாட்டோம்.

ஊரில் மதுரைச் சுங்குடி, ஜெய்ப்பூர் பக்கத்து அச்சுத்துணி வாங்கினால் அங்கேயே துவைத்து வெயிலில் காயவைத்துக் கொண்டுவாருங்கள். கஞ்சி போகும், சுருங்குவது சுருங்கும். இங்கே வடகிழக்குப் பருவமழையின்போது வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில் மூங்கில் கழியில் போட்டால் காய இரண்டு நாள் ஆகி வாடையடிக்கும். சுருக்கம் பார்க்க 25 சென்டிமீட்டர் சதுரம் வரைந்து துவையுங்கள்; 24 ஆனால் 4 விழுக்காடு. சாயம் பார்க்க நனைத்த வெள்ளைத் துணியால் தேயுங்கள். சிவப்பும் கருநீலமும் இரண்டு மூன்று அலசலுக்குப் பிறகும் விடுகிறதென்றால் அதை வெள்ளைத் துணியோடு சேர்க்கவே வேண்டாம், தனியாகப் பையாகத் தைத்துக்கொள்ளலாம். கைத்தறி இழை தளர்வானது. அதற்குத் தையல் இடம் கால் இன்ச் போதாது, இன்ச்சில் எட்டில் மூன்று பங்கு விடுங்கள்.

சுங்க விவரமும் தெரிந்திருக்கட்டும். 48 மணி நேரத்துக்கு மேல் வெளியே இருந்து திரும்பினால் 500 சிங்கப்பூர் வெள்ளி வரை பொருள் சேவை வரி இல்லை. ஜொகூர் பாருவுக்குக் காலையில் போய் மாலையில் வந்தால் 100 வெள்ளிதான். வேலை அனுமதிச்சீட்டு, மாணவர் அட்டை, சார்ந்திருப்போர் அட்டை போன்றவற்றில் இருப்பவர்களுக்கு இந்தச் சலுகையே கிடையாது. மீறும் தொகைக்கு 9 விழுக்காடு.

தையல் இயந்திரம் வாங்குவதாக இருந்தால் ஜப்பானிலும் அமெரிக்காவிலும் விலை பார்த்து மயங்காதீர்கள். அங்கே 100, 120 வோல்ட், இங்கே 230. மின்மாற்றி வைத்து ஓட்டலாம் என்றாலும் மறந்துபோய் நேராகச் செருகும் ஒரு நாளில் உள்ளே மின்சுற்றுப் பலகை கருகும். இங்கே வாங்கியது ஊரில் பிளக் மாற்றி மட்டும் போட்டால் ஓடும்.

நீண்ட நாள் ஊரில் தங்கப் போகிறீர்கள் என்றால் ஓரப்பட்டி பாக்கியிருக்கும் குவில்ட்டைக் கொண்டுபோகலாம். 60க்கு 72 என்றால் எடை ஒன்றேகால் கிலோ அளவில் இருக்கும், சுற்றளவு 264 இன்ச். பட்டியின் முன்பக்கத்தை இயந்திரத்தில் தைத்துவிட்டுப் போங்கள். பின்பக்கத்தை ஹெம்மிங் போடுவது மட்டும் அங்கே. விமானத்தில் மடியில் போட்டுத் தைக்க வேண்டாம், அவ்வளவு துணியைத் திருப்ப அங்கே இடமில்லை. காற்றை உறிஞ்சும் பையில் அழுத்திக் கொண்டுபோனால், இறங்கிய அன்றே பிரித்து விரித்துவிடுங்கள். நாள்கணக்கில் விட்டால் பேட்டிங்கில் மடிப்பு விழுந்து நிற்கும்.

திரும்பி வந்த முதல் மாலை குவில்ட்டை எடுக்காதீர்கள். புது ஊசி மாட்டி, பழைய துணியில் ஐந்து நிமிடம் ஓட்டுங்கள். பிறகு கால் இன்ச் தையல் இடம் சரியாக வருகிறதா என்று பார்க்க, ஒன்றரை இன்ச் அகலத் துண்டு மூன்றைப் பக்கம் பக்கமாகத் தைத்து இஸ்திரி போட்டு அளவுகோலை வையுங்கள். நடுத்துண்டு சரியாக ஒரு இன்ச், மொத்தம் மூன்றரை. வந்துவிட்டால் சீட்டைப் பிரித்து விட்ட இடத்திலிருந்து தையுங்கள். வராவிட்டால் ஊசியின் நிலையை ஒரு படி நகர்த்தி மறுபடி மூன்று துண்டு.