கேள்வி பதில்: வேலை தரும் அரசுத் திட்டங்கள், மதுரை வட்டாரம்

கேள்வி (உசிலம்பட்டி பக்கத்துக் கிராமம்): சார், தையல் யூனிட் போட 10 லட்சம் ஆகும். பி.எம்.இ.ஜி.பி.யில் (பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டம்) பெண்களுக்கு எவ்வளவு மானியம்? எப்போது கைக்கு வரும்?

பதில்: கைக்கு வராதும்மா. பலர் இடறுவது இங்கேதான். கிராமப்புறத்தில் பெண்களுக்கு 35%, அதாவது 3.5 லட்சம். உங்கள் பங்கு 5%, 50,000 ரூபாய். மீதி 9.5 லட்சம் வங்கிக் கடன். மானியத் தொகையை உங்கள் பெயரில் 3 ஆண்டு டெபாசிட்டாக வங்கியே வைத்திருக்கும். அந்தத் தொகைக்கு வட்டி கிடையாது, அதே அளவு கடனுக்கும் வட்டி போடமாட்டார்கள். 3 ஆண்டு யூனிட் ஓடினால்தான் அது கடனில் கழியும். ஆகவே தவணைக் கணக்கை மானியம் இல்லாமல் போட்டுப் பாருங்கள். இடம் வாங்கும் செலவைத் திட்ட மதிப்பில் சேர்க்காதீர்கள். ஏற்கெனவே ஓடும் யூனிட்டுக்கு இது கிடையாது, கணவன் மனைவி இருவரில் ஒருவருக்குத்தான். 10 லட்சம் வரையிலான கடனுக்கு அடமானம் கேட்கக் கூடாது. கேட்டால், அடமானம் இல்லாமல் தர மறுப்பதை எழுத்தில் வாங்குங்கள்.

கேள்வி (திருமங்கலம்): எம்.பி.ஏ. முடித்துவிட்டு நகரத்தில் கடை போட எவ்வளவு மானியம் சார்?

பதில்: பொதுப்பிரிவு, நகரம் என்றால் 15%, உங்கள் பங்கு 10%. மற்றதெல்லாம் மேலே சொன்னதுதான்.

கேள்வி (புதூர்): ஐ.டி.ஐ. ஃபிட்டர் முடித்தேன். எம்ப்ளாய்மென்ட்டில் பதிந்து காத்திருக்கிறேன்.

பதில்: பதிவை 3 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பியுங்கள் தம்பி, ஆனால் அதை நம்பி உட்கார்ந்திருக்க வேண்டாம். 30 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் நிறுவனம் மொத்த ஆட்களில் 2.5% முதல் 15% வரை அப்ரன்டிஸ் (தொழில் பழகுநர்) எடுத்தே ஆக வேண்டும், அது சட்டம். கப்பலூர் சிட்கோ தொழிற்பேட்டையில் இந்த அளவுள்ள ஆலைகளைத் தேடி நேரில் கேளுங்கள். அப்ரன்டிஸ் போர்ட்டலில் பதிந்து, ஒப்பந்தம் அதில் ஏறியதா என்று பாருங்கள். ஏறாவிட்டால் சான்றிதழ் வராது.

கேள்வி (மேலூர்): நூறு நாள் வேலை வந்ததிலிருந்து நடவுக்கு ஆள் இல்லை. இது வேலையின்மையைக் குறைக்கிறதா, விவசாயத்தைக் கெடுக்கிறதா?

குறுக்கே (கொட்டாம்பட்டி): அண்ணே, நடவு முடிந்தபிறகு எங்களுக்கு யார் சோறு போடுவது? கூலி கூடியதுதான் உங்களுக்கு உறுத்துகிறது.

பதில்: இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. பெரியாறு பாசனத்தில் கள்ளந்திரி வரை 45,041 ஏக்கர் இருபோகம், மேலூர்ப் பக்கம் 85,563 ஏக்கர் ஒருபோகம். ஒருபோக நிலத்துக்குத் தண்ணீர் பெரும்பாலும் செப்டம்பர் வாக்கில் வரும். நடவுக்கும் அறுப்புக்கும் ஆள் பறக்கும், மற்ற மாதங்களில் அதே ஆட்கள் சும்மா இருப்பார்கள். இங்கே இருப்பது பருவ வேலையின்மை. தொழிற்சாலை வேலை இல்லாததற்குக் கொடுக்கும் மருந்து இதற்குச் செல்லாது.

கண்மாய் வறண்டிருக்கும் மார்ச் முதல் மே வரைதான் வரத்துக்காலும் மடையும் சரிசெய்ய முடியும். அப்போதுதான் கூலியும் இருக்காது. அந்த மாதங்களில் நூறு நாள் வேலையைத் திறந்தால் இரண்டும் பொருந்தும். நடவு மாதத்தில் திறந்தால் விவசாயிக்கு ஆள் இழப்பு, கண்மாய்க்கும் பயன் இல்லை. கிராமசபையில் வேலைப் பட்டியல் போடும் நாளில் இருவரும் போய் மாதத்தையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள்.

கூலி விஷயத்தில் கொட்டாம்பட்டித் தம்பி சொல்வது சரி. அரசு ஒரு கூலியை உறுதி செய்தால் வெளியிலும் கூலி அதற்குக் கீழே இறங்காது. கூலியாட்களுக்கு அது தேவையான பலன்.

நூறு நாள் வேலை கேட்பவர்களுக்கு ஒன்று: மனு கொடுத்தால் தேதியிட்ட ரசீது வாங்குங்கள். 15 நாளில் வேலை தராவிட்டால் வேலையின்மைப் படி உண்டு என்பது 2005 சட்டம் கொண்டுவந்த விதி, முதல் 30 நாளுக்குக் கூலியில் கால் பங்காவது. ரசீது இல்லாமல் அந்தப் படியைக் கேட்க முடியாது.

கேள்வி (மேலூர்): கூலி கூடினால் நான் நெல்லை எந்த விலைக்கு விற்பது?

பதில்: அது கொள்முதல் விலைக் கேள்வி ஐயா. அதைத் தனியாகத்தான் பேச வேண்டும்.

கேள்வி (வாடிப்பட்டி): பி.எம்.இ.ஜி.பி. மானியம் எவ்வளவு, எப்போது வரும்?

பதில்: முதல் பதிலைப் படியுங்கள். திரும்பவும் சொல்கிறேன், மானியத்தை நம்பிக் கடன் வாங்காதீர்கள்.

கேள்வி (சமயநல்லூர்): லோன் வாங்கித் தர ஒருவர் 5% கமிஷன் கேட்கிறார்.

பதில்: கொடுக்காதீர்கள். விண்ணப்பம் ஆன்லைனில், கட்டணம் இல்லை. புரியவில்லை என்றால் ஆதார், சாதிச் சான்று, கல்விச் சான்று, இயந்திர விலைப்புள்ளியோடு மாவட்டத் தொழில் மையத்துக்கு நேரில் போங்கள்.